இரும்புக் கதவின் முன் குதித்தவள்

அன்று விடியற்காலையில் வெல்டா கிட்டன்ஸ் தோளில் துண்டும் காலில் ரப்பர் ஷூவுமாகக் கடலுக்கு இறங்கும் சந்துக்குள் திரும்பினாள். எதிரே ஒரு பச்சை இரும்புக் கதவு நின்றது. முந்தின நாள் அந்த இடத்தில் இரண்டு மதில்களும் நடுவில் மணலும்தான் இருந்தன.

கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எவர்டன் உட்கார்ந்திருந்தான். வெல்டாவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவன். அவன் சட்டைப்பையின் மேல் புது ஹோட்டலின் பெயர் தைத்திருந்தது. அவளைக் கண்டதும் விறைப்பாக எழுந்தான்.

"மேடம், இந்த வழி மூடியாச்சு."

வேறு யாராவது மேடம் பின்னால் வருகிறாளா என்று வெல்டா திரும்பிப் பார்த்தாள். ஒரு நாய்தான் வந்துகொண்டிருந்தது.

"யாருடா மேடம்?"

"நீங்கதான் மேடம்."

"குட் மார்னிங் எங்கடா போச்சு? வாயில என்ன கொழுக்கட்டையா?"

எவர்டன் கூசிப்போனான். அந்தத் தீவில் ஒருவனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டலாம். ஆனால் முதலில் குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும்.

"குட் மார்னிங், வெல்டாக்கா. கோவிச்சுக்காத. எல்லாரையும் மேடம், சார்னுதான் சொல்லணுமாம். நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தேன்."

"சரி, கதவத் திற."

"சாவி ஆபீஸ்ல இருக்கு."

"கடல் யாருது?"

"கடல் எல்லாருக்கும்தான் பொது, அக்கா. மணலும் பொதுதான். இந்தச் சந்து மட்டும் ஹோட்டலோடதாம். பேப்பர் வச்சிருக்காங்க."

"கடலுக்குப் போகலாம், ஆனா கடலுக்குப் போற வழியில போகக் கூடாது. அப்படித்தானே? நான் என்ன பறந்து போகணுமா?"

எவர்டன் தன் புது ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதவுக்கு அப்பால் அலை புரளும் சத்தம் கேட்டது. அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போனது அவளுக்கு மேலும் எரிச்சலைக் கிளப்பியது. கதவை ஓங்கி ஓர் உதை விட்டாள். கால் கட்டைவிரலில் சுரீரென்று வலித்தது. அத்தனை கோபத்திலும் அந்த வலி அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

விரல் வலித்தால் அவளுக்கு ஏன் நிம்மதி என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெல்டா அரசாங்கத்தின் நீல பஸ் ஓட்டுகிறவள். ஸ்பைட்ஸ்டவுன் டிப்போவில் அவள் சேர்ந்தபோது பெண் டிரைவர்கள் அபூர்வம். "ஸ்டீயரிங்க கரண்டி மாதிரி பிடிக்காதம்மா" என்று கேலி செய்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனார்கள். அவள் மட்டும் இன்னும் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆயுள் உட்கார்ந்தே கழிந்ததுதான் வினையாயிற்று. வழக்கமாக ஏறுகிறவர்கள் தேங்காய் ரொட்டி, ஹாம் வைத்த உப்பு ரொட்டி, மீந்துபோன, சீஸ் போட்டுச் சுட்ட மக்கரோனி என்று எதையாவது கையில் திணித்துவிட்டு இறங்குவார்கள். வேண்டாமென்றால் அவர்கள் மனம் வருந்தும். வெல்டா யார் மனத்தையும் வருந்த விட்டதில்லை.

அவளுடைய அக்கா ஹெர்மின் தையல்காரி. இருவரும் அப்பா கட்டிய மரவீட்டில் ஒன்றாக இருந்தார்கள். சர்க்கரை வியாதியை ஹெர்மின் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுப் போகும் ஷூ கடித்ததையும் சொல்லவில்லை. கால் மரத்துப் போயிருந்ததால் புண் புரையோடியது அவளுக்கே தெரியவில்லை. ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவளைப் பார்க்க வெல்டா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று டாக்டர் ஹெர்மினை விட்டுவிட்டு வெல்டாவின் பக்கம் திரும்பினார்.

"உங்க கால காட்டுங்க."

ஒரு ஊசி முனையால் பாதத்தை அங்கங்கே தொட்டார். வலது கால் விரல்களில் தொட்டது வெல்டாவுக்குத் தெரியவில்லை.

"பஸ் ஓட்டுறீங்க. பிரேக் எந்தக் காலு?"

அவள் வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் சர்க்கரைதான். மாத்திரை தரேன். ஆனா மாத்திரை மட்டும் பத்தாது. தினமும் உடம்பு அசையணும். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி. சாயங்காலம் பண்றேன்னு சொல்ற யாரும் பண்றதில்ல."

அந்த டாக்டர் மேல் வெல்டாவுக்கு ஒரு வாரம் கோபம் தணியவில்லை. அந்தக் கோபத்தோடு விடியலில் எழுந்து பெரிய சாலையோரமாக நடக்கத் தொடங்கினாள். அந்த ஊரில் ஒரு பஸ் டிரைவர் சாலையில் நடந்து போவதை எவரும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள் என்பதை அவள் யோசித்திருக்க வேண்டும்.

"வெல்டாக்கா! பஸ் பழுதா? ஏறு, ஏறு!"

"பழுதில்லப்பா. நடக்கிறேன்."

"நடக்கிறியா? ஏன், வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?"

மஞ்சள் வேன்காரன் நின்றான். மீன் வண்டிக்காரன் நின்றான். பாதிரியார் தன் காரைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒருத்தனிடம் வேண்டாமென்று சொன்னதற்கு, அவள் வீடு திரும்புமுன் அவன் அம்மா ஹெர்மினுக்குப் போன் போட்டு, "உன் தங்கச்சிக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு, என் பையன் வண்டி அவளுக்கு நாத்தமடிக்குதாம்" என்று ஒப்பாரி வைத்துவிட்டாள். பிறகு யார் கூப்பிட்டாலும் வெல்டா ஏறிக்கொண்டாள். எல்லோரும் அவளைப் பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டார்கள். அங்கே அந்நேரத்துக்குத்தான் ரொட்டி சூடாக வரும். நடக்கத் தொடங்கிய மாதத்தில் அவள் எடை கூடியது.

ஹெர்மின் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒருநாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லா நட. பக்கத்துல இன்னொரு வண்டி போட இடம் இருக்கு. ரெண்டு பேரும் ஜோடியா உக்காந்து தெருவ வேடிக்கை பாக்கலாம்."

மறுநாள் விடியலில் வெல்டா கடலுக்குள் இறங்கினாள். கடலுக்குள் எந்த வண்டியும் வந்து நிற்காது.

அந்தக் கரையில் வேலைக்குப் போகுமுன் கடல் குளிக்கிற கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. வெல்டாவுக்கும் தெரியாது. 'கடலுக்குப் பின்கதவு கிடையாது, உள்ளே மாட்டினால் தப்ப வழியில்லை' என்று சொல்லிச் சொல்லியே பிள்ளை வளர்க்கிற ஊர் அது. மார்பளவு தண்ணீரில் நின்ற இடத்திலேயே ஓடுவார்கள், குதிப்பார்கள், படகு கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பார்கள். வாய் மட்டும் ஊர்வம்பில் ஓயாமல் நீந்திக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்ற தபால்காரர் கிளைட்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. "முட்டிய தூக்கு, வெல்டா! பிரேக்க மிதிக்கிற மாதிரி மிதி!" என்று கத்துவார்.

முதலில் ஒவ்வொரு காலையும் அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது. தண்ணீர் குளிர்ந்தது. கிளைட்டின் குரல் காதைக் குடைந்தது. படுக்கையில் கிடந்தபடி ஹெர்மினின் ஏச்சை நினைத்துக்கொள்வாள், உடனே எழ முடிந்தது. நாளடைவில் ஏச்சு நினைவுக்கு வருமுன்பே கால் தரையில் இறங்கிவிடும். போகாத நாளில் உடம்பு பொருந்தாமல் முறுக்கிக்கொண்டது. ஒருநாள் மணலில் கிடந்த சிப்பி கட்டைவிரலில் குத்தியபோது "ஆ!" என்று கத்தினாள். கத்திவிட்டு அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். விரலுக்கு உணர்வு திரும்பியிருந்தது. கிளைட் அன்றே அவளை மிரட்டிக் கூட்டிப் போய் ரப்பர் ஷூ வாங்க வைத்தார்.

அந்தக் கடலுக்கும் அவளுக்கும் நடுவில்தான் இப்போது பச்சைக் கதவு நின்றது. தெற்கே இன்னொரு வழி இருந்தது. அதில் போய்க் குளித்துவிட்டுத் திரும்பினால் முதல் பஸ்ஸை எடுக்க அவளுக்கு நேரம் தவறிவிடும். பாறையைச் சுற்றித் தண்ணீர் வழியாக வரலாம், நீந்தத் தெரிந்தவர்கள்.

அடுத்த நாள் காலை கூட்டம் மொத்தமும் கதவுக்கு முன் கூடிச் சத்தம் போட்டது. அதற்கடுத்த நாள் பாதிக் கூட்டம்தான் வந்தது. மூன்றாம் நாள் வெல்டா மட்டும் நின்றாள். கதவுக்கு உள்ளேயிருந்து கிளைட்டின் சிரிப்பு கேட்டது.

எவர்டன் கதவைத் திறந்து அவரை வெளியே விட்டான். அவர் தலையில் ஈரம் சொட்டியது, கழுத்தில் ஒரு நீல அட்டை தொங்கியது.

"என்ன கிளைட்டண்ணே இது, மாட்டுக்கு மணி கட்டின மாதிரி?"

"கார்டும்மா. ஹோட்டல்ல கேட்டா குடுக்கிறாங்க. பேர் எழுதிக் குடுத்தா போதும். டவல் கூடத் தராங்க, வெல்டா. பஞ்சு மாதிரி இருக்கு."

"டவலா?"

"காப்பியும் உண்டு."

"உங்க அப்பா வலை இழுத்த இடம்ணே அது! அவர் யாரு கார்ட கழுத்துல மாட்டிக்கிட்டு இழுத்தாரு? நாளைக்கு அந்த ஹோட்டல் மேனேஜர் பொம்பள கார்ட பிடுங்கிட்டா என்ன பண்ணுவீங்க, டவல கட்டிக்கிட்டு அழுவீங்களா?"

"எனக்கு வயசாயிடுச்சும்மா. முட்டி வலிக்குது. சண்ட போட்டா முட்டி சரியாகுமா?"

"என் மூஞ்சில முழிக்காதீங்க."

அவள் திரும்பி நடந்தாள். வழியில் ஒரு வண்டி நின்றது. ஏறிக்கொண்டாள். பெட்ரோல் பங்கில் இறங்கிச் சூடான ரொட்டி வாங்கித் தின்றாள்.

பழக்கம் கட்ட ஒரு வருஷம் பிடித்தது, அவிழ ஒரு வாரம் கூட ஆகவில்லை. காலையில் கண் விழித்தால் கோபம் இருந்தது. ஆனால் கோபத்துக்குப் போக இடம் இல்லை. படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு மிஸ் ஸ்கீட்டை மனத்துக்குள் திட்டினாள். மிஸ் ஸ்கீட் ஹோட்டலின் மேலாளர், பக்கத்து ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அதுதான் வெல்டாவின் வயிற்றெரிச்சல். எங்கிருந்தோ வந்தவன் மூடினால் தெரியாமல் மூடினான் எனலாம். இவளுக்குத் தெரியும். இவள் அம்மாவும் அந்தச் சந்து வழியாகத்தான் மீன் வாங்கப் போவாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூட நிறுத்தத்துக்கு வரும்போது வெல்டா பிரேக்கை மிதித்தாள். மிதித்துவிட்டதாக நினைத்தாள். கால் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க் குலுங்கி நின்றது. ஒரு கிழவியின் பையிலிருந்த சேனைக்கிழங்குகள் உருண்டு முன்பக்கம் வந்தன.

"என்ன வெல்டா, தூக்கமா?" என்று யாரோ சிரித்தார்கள்.

குறுக்கே போக வெள்ளைக் கோட்டில் சீருடைப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். வெல்டா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர்கள் கடந்து முடிகிற வரை மூச்சே விடவில்லை.

அன்று மாலை சமையலறையில் ஷூவைக் கழற்றிவிட்டு, ஹெர்மினின் தையல் ஊசியால் விரலைக் குத்திப் பார்த்தாள். ஹெர்மின் வாசலில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு பார்த்தாள். அவள் பின்னால் அலமாரியில், பள்ளிக்கூட நாளில் அவள் நீச்சலுக்கு வாங்கிய கோப்பை இருந்தது. இப்போது அதில் பட்டன்கள் கிடந்தன.

"தெரியுதா?"

"தெரியல."

"போய் அந்தக் கார்ட வாங்கு."

"வாங்க மாட்டேன்."

"ரோஷம் பாத்தா கால் போகும்டி. நான் வாய மூடிக்கிட்டு இருந்து கால விட்டேன். நீ வாயத் திறந்துகிட்டே விடப் போற. கடல் இல்லன்னா என்ன, குதிக்கிறதுக்குத் தரை இல்லயா? வீட்டுல குதி!"

"பலகை உடைஞ்சிடும்."

"அப்ப ரோட்டுல குதி! எங்கயாவது குதி!"

வெல்டா ஊசியைக் கீழே வைத்தாள். நெடுநேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை ஹெர்மினுக்குப் பிடிக்கவில்லை.

"எங்கயாவதுன்னு சொன்னேன், கிறுக்குத்தனமான இடமாப் பாத்துப் போகச் சொல்லல" என்றாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் பச்சைக் கதவுக்கு முன், பெரிய சாலை ஓரத்தில், வெல்டா குதித்துக்கொண்டிருந்தாள். குளியல் உடுப்பு, அதற்கு மேல் டிப்போ கொடுத்த பழைய பனியன், தலையில் மஞ்சள் ரப்பர் தொப்பி, காலில் ரப்பர் ஷூ. கடலில் செய்கிற அதே வரிசையில் செய்தாள். நின்ற இடத்திலேயே ஓட்டம், முட்டியைத் தூக்குதல், கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தல்.

"அக்கா, என்ன பண்ற?" என்றான் எவர்டன்.

"கடல் குளிக்கிறேன். கண்ணு தெரியல?"

"இங்க தண்ணியே இல்லக்கா!"

"தண்ணிக்குத்தான் நீ பூட்டு போட்டிருக்கியே."

முதலில் வந்தது மஞ்சள் வேன். பிரேக் கிறீச்சிட்டது.

"வெல்டாக்கா! பஸ் பழுதா? ஏறு!"

"ஏறல. இங்கதான் குளிக்கிறேன்."

"ரோட்டுலயா? ஏன், கடலுக்கு என்ன?"

"கதவக் கேளு."

வேனில் இருந்த எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். ஒருத்தி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஐயோ, எப்ப பூட்டினாங்க? எங்கம்மா சாம்பல அங்கதானே கரைச்சோம்!" என்றாள். அதற்குள் வேனுக்குப் பின்னால் மீன் வண்டி நின்றது. மீன்காரன் இறங்கி வந்தான். பாதிரியார் தன் காரைச் சாலையின் மறுபக்கம் நிறுத்திவிட்டு இறங்கினார். அவளை ஏற்றிக்கொள்ள நின்றவனும், ஏற மாட்டேன் என்கிறாளே ஏன் என்று கேட்க நின்றவனும், அவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று பார்க்க நின்றவனுமாகச் சாலை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. விமான நிலையத்துக்குப் போக வேண்டிய விருந்தாளிகளின் டாக்சிகள் ஹோட்டல் வாசலிலேயே நின்று ஹாரன் அடித்தன. வெல்டா யாரையும் நிற்கச் சொல்லவில்லை. தன் பாட்டுக்கு முட்டியைத் தூக்கினாள், தூக்கினாள்.

வேலைக்கு நேரமானதும் தொப்பியைக் கழற்றினாள், துண்டைச் சுற்றிக்கொண்டாள், டிப்போவுக்குப் போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். கடலில் குதிப்பதைவிடத் தரையில் குதிப்பது முட்டியைக் கொன்றது. ஆனால் கோபத்துக்குப் போக இடம் கிடைத்துவிட்டது. படுக்கையில் அது அவளைத் தின்றது. இங்கே அவள் அதை மிதித்தாள்.

ஹோட்டல் போலீசைக் கூப்பிட்டது. போலீஸ் ஜீப் நெரிசலுக்குள் ஊர்ந்து வந்து, அதுவும் நட்டநடுவில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"குட் மார்னிங், வெல்டா. பஸ் பழுதா? ஏத்திக்கிட்டுப் போகட்டுமா?"

சாலையே சிரித்தது.

மிஸ் ஸ்கீட் குதிகால் செருப்பு டக்டக்கென்று ஒலிக்க வந்தாள். "கான்ஸ்டபிள், இவங்க போக்குவரத்துக்கு இடைஞ்சல் பண்றாங்க."

"இவங்க ஓரமாத்தான் குதிக்கிறாங்க, மேடம். ரோட்டுல நிக்கிறது நாங்கதான்."

மிஸ் ஸ்கீட் வெல்டாவின் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்களுக்கு என்னதான் வேணும்? கார்டு தரேன். உங்க குடும்பத்துக்கே தரேன்."

"நீ வேலேரி ஸ்கீட் மகதானே?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்கம்மா இந்தச் சந்துல கூடையோட வரப்ப யாரும் கார்டு கேக்கல. எனக்கு உன் கார்டு வேணாம், டவல் வேணாம், காப்பி வேணாம். இந்தக் காலு பிரேக்க மிதிக்கணும். என் பஸ்ஸுக்கு முன்னாடி பள்ளிக்கூடப் புள்ளைங்க நடக்குதுங்க. அந்தப் புள்ளைங்களுக்கு நீ கார்டு தருவியா?"

மிஸ் ஸ்கீட்டின் முகம் சிவந்தது. பின்னால் டாக்சி ஹாரன் நிற்காமல் கதறியது. அவள் எவர்டனிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கதவில் பூட்டு இல்லை. ஆனால் ஒரு பாதி மட்டும் திறந்திருந்தது. நடுவில் புதிதாக ஒரு இரும்புக் கம்பம் நட்டு, ஒற்றை ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"கார்டு வேணாமாம், அக்கா. எல்லாரும் போகலாம்" என்றான் எவர்டன். அவன் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

வெல்டா அந்த இடைவெளியைப் பார்த்தாள். தன் இடுப்பைப் பார்த்தாள். "இதுல என் அக்கா வண்டி நுழையாதே" என்றாள்.

"ஹெர்மினக்காவா? அவங்க கடலுக்கு வரதே இல்லயே!"

"நாளைக்கு வரா."

வீட்டில் இதைக் கேட்ட ஹெர்மின் கையிலிருந்த துணியை வீசினாள். "என்னை எதுக்குடி இழுக்கிற? ஊரே கூடி என் மொட்டக் கால பாக்கணுமா? உன் சண்டைக்கு நான் கொடிக்கம்பமா?"

"ஆமா."

"வர மாட்டேன்."

"ரோஷம் பாத்தா கால் போகும்னு சொன்னது யாரு? உனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

அன்று இரவு ஹெர்மினின் அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. விடியலில் வெல்டா எழுந்தபோது ஹெர்மின் பழைய கறுப்புக் குளியல் உடுப்பின் பக்கங்களைப் பிரித்துத் தைத்து, மாட்டிக்கொண்டு, நாற்காலியில் தயாராக இருந்தாள். முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

கதவுக்கு முன் நாற்காலி நின்றது. கம்பம் நின்றது. சாலையில் ஒரு வேன் நின்றது, பிறகு இன்னொன்று. எவர்டன் ஹெர்மினைப் பார்த்தான். சின்ன வயதில் அவனுக்குப் பள்ளிக்கூட அரைக்கால் சட்டை தைத்துக் கொடுத்தவள் அவள்.

"குட் மார்னிங், ஹெர்மினக்கா" என்றான்.

"குட் மார்னிங் இருக்கட்டும். வழி எங்கடா?"

உள்ளேயிருந்து கிளைட் வந்தார். கழுத்தில் அட்டை இல்லை. வெல்டாவைப் பார்க்காமலே எவர்டனிடம், "அந்தப் பக்கம் பிடி" என்றார். சிமெண்டு இன்னும் இறுகியிருக்கவில்லை. மீன்காரனும் வந்து கைகொடுத்தான். கம்பம் ஆடியது, சாய்ந்தது, வெளியே வந்தது. மற்றப் பாதிக் கதவையும் எவர்டனே தள்ளித் திறந்தான். "என் வேலை போச்சு" என்றான்.

"போனா கண்டக்டர் வேலைக்கு வா" என்றாள் வெல்டா. கிளைட்டிடம் அவள் அப்போதும் பேசவில்லை. அது வேறு கணக்கு, அதற்கு இன்னும் நாள் இருந்தது.

மணலில் நாற்காலியை நாலு பேர் தூக்கினார்கள். தண்ணீர் மடியைத் தொட்டதும் ஹெர்மின் நாற்காலியின் பிடியை விட்டாள். வெல்டா பதறிப் பிடிக்கப் போனாள். அதற்குள் ஹெர்மின் மல்லாந்து, இரண்டு கைகளாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, படகுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். வெல்டா கழுத்தளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் அவளால் ஓர் அடி போக முடியாது.

"அக்கா! திரும்பி வா! கடலுக்குப் பின்கதவு கிடையாதுடி!"

"முன்கதவையே இப்பத்தானே திறந்த! சும்மா இரு!"

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

"போ! யார் வேணாம்னா?"

"உன்ன யாரு தூக்குறது? ஹெர்மின்! நான் கத்துறது கேக்குதா இல்லயா? முதல் பஸ்ஸ எடுக்கணும்! ஹெர்மின்!"

ஹெர்மின் காதில் தண்ணீர். அவள் இன்னும் கொஞ்சம் தூரம் போனாள். வெல்டா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே, வலது காலை உதைத்தாள். அடியில் கிடந்த கல் ஷூவை மீறிக் கட்டைவிரலில் சுரீரென்று இடித்தது. திட்டிக்கொண்டே மறுபடி உதைத்தாள்.